விலங்கு ஜோடி கார்டு செட்: தட்டானும் பனிக்கரடியும் சூப்பர் ஜோடி, ஆனா படம் தப்பு

பொண்ணுக்காக வாங்குனது, ஒரு மாசமா தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இதான் ஓடுது. ரெண்டு ரெண்டு உயிரினத்த எதிரெதிரா போட்டு எடை, நீளம், ஆயுசு, இருப்பிடம்னு குடுத்திருக்காங்க. சிங்கம் புலி, திமிங்கிலம் சுறா எல்லாம் எங்கயும் பாக்குறது தான், ஆனா பன்டாலா ஃபிளாவெசென்ஸ்ங்கிற மஞ்சத் தட்டானையும் பனிக்கரடியையும் யாரோ ஜோடி சேத்திருக்காங்க பாருங்க, அந்த ஒரு கார்டுக்காகவே வாங்கலாம்.

ஏன்னா ரெண்டுமே ரொம்ப தூரம் போற ஜீவன். இந்த தட்டான் அஞ்சு சென்டிமீட்டர் கூட இருக்காது, ஆனா இந்தியாவுல இருந்து மாலத்தீவு வழியா இந்தியப் பெருங்கடல தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போகுதுன்னு சார்லஸ் ஆண்டர்சன்ங்கிற உயிரியலாளர் 2009ல எழுதுனாரு. மாலத்தீவுல முட்டை போட நல்ல தண்ணி குட்டையே அவ்வளவா கிடையாது, அப்புறம் வருஷா வருஷம் அக்டோபர்ல இவ்ளோ தட்டான் எங்கேர்ந்து வருதுன்னு யோசிச்சு தான் அவர் இத புடிச்சாரு. கரடியும் லேசுப்பட்டது இல்ல, 2008ல காலர் மாட்டி கவனிச்ச ஒரு பெண் கரடி நிக்காம 9 நாள்ல 687 கிலோமீட்டர் நீந்திருக்கு, அந்த பயணத்துல அதோட குட்டி செத்துப்போச்சு, உடம்பு எடைல 22 சதவீதம் போயிடுச்சு. இத பொண்ணுகிட்ட சொன்னப்ப ரொம்ப நேரம் பேசவே இல்ல.

ஆனா கார்டுல இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, எடை வரில கரடிக்கு ஒரு ஸ்டார், நீளத்துல இன்னொரு ஸ்டார், அவ்ளோ தான். நான் எதிர்பாத்தது வேற. தட்டான் மழை தேங்குன குட்டைல முட்டை போடும், அது காயறதுக்குள்ள குஞ்சு வளந்து ரெண்டு மாசத்துக்குள்ளயே கூட பறந்துடும், அடுத்த மழை எங்கயோ அங்க போயிடும். கரடிக்கு சீல் புடிக்க கடல் ஐஸ் வேணும், அது உருகிட்டா தேடிப்போக வேற ஐஸ் கிடையாது. இந்த வித்தியாசத்துக்கு ஒரு வரி குடுத்திருக்கணும்.

பெரிய தப்பு படம். றெக்கைய முதுகுக்கு மேல சேத்து மடிச்சு வெச்சிருக்கு, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல நல்ல இடைவெளி, அது ஊசித்தட்டான்! பன்டாலா உக்காந்தாலும் றெக்கைய விரிச்சு தான் வெச்சிருக்கும், கண்ணு ரெண்டும் உச்சில ஒட்டிக்கும். ஆயுசு வேற ஒரு நாள்னு போட்டிருக்காங்க, ஒரு நாள்ல கடல எப்டி தாண்டும்?

எழுதிக் கேட்டேன், அடுத்த பதிப்புல மாத்துறோம்னு பதில் வந்துச்சு. கார்டு அட்டை கெட்டி, எழுத்து பெருசு, எட்டு வயசுக்கு மேல சரியா இருக்கும். அந்த கார்ட மட்டும் நாங்க சரியான படம் ஒட்டி, ஆயுச பேனாவால அடிச்சுட்டு, கீழ "கடல் தாண்டும்"னு எழுதி வெச்சுருக்கோம்.