ஆல்பத்தில் ஸ்டாம்ப்: வருடங்கள் கழித்து எது நிற்கிறது, எது கெடுகிறது

மை தொட்டு உருவம் பதிக்கும் ஸ்டாம்பை வாழ்த்து அட்டையில் பதிப்பதும், படங்களை ஒட்டி அலங்கரிக்கும் ஸ்கிராப்புக் ஆல்பத்தின் பக்கத்தில் பதிப்பதும் ஒன்றல்ல. அட்டை கைமாறியதும் வேலை முடிந்துவிடும். ஆல்பமோ வருடக்கணக்கில் மூடியே கிடக்கும்; எதிர்ப்பக்கம் மையின்மேல் அழுந்திக்கொண்டே இருக்கும். அதனால் பக்கத்தின் ஆயுள் டிசைனைவிட மையைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. ஆனால் பெரும்பாலும் பணம் போவது ஸ்டாம்புக்கு. மை, கைக்குக் கிடைத்தது எதுவோ அது.

டை இங்க் (சாய மை) சீக்கிரம் காயும், மெல்லிய கோடுகூடப் பிசிறில்லாமல் விழும். ஆனால் பல டை மைகள் வெளிச்சத்தில் வெளிறும், ஈரம் பட்டால் பரவும். பிக்மென்ட் இங்க் (நிறமித் துகள் மை) நிறம் மங்காமல் நிற்கும். அது தாளுக்குள் இறங்காமல் மேலேயே தங்குவதால் காய நேரமெடுக்கும். பளபளப்புப் பூச்சுள்ள தாளில் சூடு காட்டாவிட்டால் நாள் கழித்தும் விரலில் ஒட்டும். புகைப்படத்தின் மேலோ ஒளி ஊடுருவும் ஷீட்டிலோ பதிக்க ஸ்டேஸ்ஆன் போன்ற சால்வென்ட் (கரைப்பான்) மைதான் சரி. வாசனை கடுமை, ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூடி சரியாக மூடவில்லை என்றால் மை பேட் வறண்டுவிடும்.

பதித்த உருவத்துக்கு வண்ணம் தீட்டப் போகிறீர்களா? ஆல்கஹால் மார்க்கர் என்றால் சால்வென்ட் மையின் கோடு கரைந்து இழுபடும். மெமென்டோ போன்ற டை மை தாங்கும். வாட்டர்கலர் என்றால் காய்ந்தபின் நீரில் கரையாத மை வேண்டும். அழகாக விழுந்த கறுப்புக் கோடு தூரிகை பட்டதும் சாம்பலாக ஓடுவதற்கு, பெரும்பாலும் மையும் வண்ணமும் பொருந்தாததே காரணம்.

தாள் அமிலமும் லிக்னினும் (மரக்கூழில் இருக்கும் பொருள்) இல்லாததாக இருக்கட்டும், இல்லையேல் மை எவ்வளவு நல்லதானாலும் தாள் பழுத்துவிடும். வழவழப்பான 200 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட கார்ட்ஸ்டாக் (தடித்த தாள்) போதும். சொரசொரப்பான தாளில் கோடு விட்டுவிட்டுத்தான் விழும். பழைய தோற்றம் வேண்டுமென்றால் ஒழிய, எழுத்து ஸ்டாம்புக்கு அது ஆகாது. பக்க உறை பிவிசி இல்லாததா என்று பார்த்து வாங்குங்கள்.

புது க்ளியர் ஸ்டாம்பில் (ஒளி ஊடுருவும் ஸ்டாம்ப்) மை முத்து முத்தாகத் திரண்டு நின்றால் ஸ்டாம்ப் மோசமென்று அர்த்தமில்லை. மேற்பரப்பில் ஒரு படலம் இருக்கிறது; வெள்ளை அழிப்பான் ரப்பரால் லேசாகத் தேய்த்தால் மை சீராகப் பிடிக்கும். நாளாக ஆக மஞ்சளாவதும் கறைபிடிப்பதும் பார்வைக்குத்தான் குறை, பதிவில் தெரியாது. பிடிப்பதற்காக ஸ்டாம்பை ஒட்டிவைக்கும் பிளாக்கில் ஒட்டாமல் நழுவ ஆரம்பித்தால் பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, துணியால் துடைக்காமல் தானாகக் காய விடுங்கள். சால்வென்ட் மையை அடிக்கடி பயன்படுத்துவோர் ரப்பர் ஸ்டாம்ப் வாங்குவது புத்திசாலித்தனம்.

ஓரத்தில் நிழல் போலக் கறை விழுந்தால், அழுத்தும்போது பிளாக்கை ஆட்டியிருக்கிறீர்கள். நடுவில் வெளிறினால் அடியில் மெத்தென்று ஏதாவது வேண்டும். பழைய மவுஸ் பேட் போதும். உள்ளங்கையைவிடப் பெரிய பின்னணி ஸ்டாம்பைத் தலைகீழாக்குங்கள்: ஸ்டாம்ப் மேசையில் மல்லாந்து இருக்க, அதன்மேல் தாளை வைத்து, இன்னொரு தாள் போட்டுக் கையால் நீவுங்கள். ஸ்டாம்பையும் தாளையும் நகராமல் பிடிக்கும் ஸ்டாம்ப் பொசிஷனர் இருந்தால் விட்டுப்போன இடத்தில் மறுபடி மை தடவி அதே இடத்தில் பதிக்கலாம். வசதிதான், அவசியமில்லை.

பதிவின்மேல் பவுடர் கொட்டிச் சூட்டில் உருக்கி மேடாக்குவதுதான் ஹீட் எம்பாசிங். அதற்கு முதலில் தாள்மேல் ஆன்டி ஸ்டாட்டிக் பை (பவுடர் தாளில் ஒட்டாமல் தடுக்கும் சிறு பை) தடவுங்கள். தவிர்த்தால் பவுடர் வேண்டாத இடமெல்லாம் புள்ளி புள்ளியாக ஒட்டி, சூடு பட்டதும் நிரந்தரமாகிவிடும். வெர்சாமார்க் என்ற பிசுபிசுப்பான நிறமற்ற மையில் பதித்து, பவுடர் கொட்டி, தட்டி, மிச்சத்தை மெல்லிய தூரிகையால் நீக்குங்கள். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை முதலில் காற்றில் சில விநாடி ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகே தாளுக்குக் கொண்டுவாருங்கள். சூடாகாத கன் பவுடரை உருக்காமல் ஊதித் தள்ளும். மங்கலான மணல் போலிருக்கும் பவுடர் ஓரிடத்தில் சட்டென்று பளபளக்கும். அந்த நொடியில் கன்னை நகர்த்திவிட வேண்டும். கூடுதலாகக் காட்டினால் பவுடர் தாளுக்குள் இறங்கி, மேடு தட்டையாகி, சுற்றிலும் எண்ணெய்க் கறை போல வளையம் தெரியும். அதைத் திருத்த வழியில்லை. புகைப்படம் ஒட்டிய பக்கத்தில் ஹீட் கன் வேண்டவே வேண்டாம், படம் சுருளும், பசை இளகும். மேடான பதிவை எதிர்ப்பக்கத்துப் படத்துக்கு நேராக வைக்காதீர்கள். அழுந்தித் தடம் விழும்.

ஒரே ஸ்டாம்பால் ஆழம் காட்ட எளிய வழி: மை தடவி ஒருமுறை பதித்ததும் மறுபடி மை தொடாமல் பக்கத்தில் இன்னொன்று பதியுங்கள்; வெளிறியது தூரத்தில் இருப்பது போலத் தெரியும். ஒன்றின் பின்னால் ஒன்று வரவேண்டுமா, முன்னால் இருப்பதை முதலில் பதியுங்கள். அதே உருவத்தை ஸ்டிக்கி நோட்டில் பதித்து, கோட்டை ஒட்டி உட்புறமாக வெட்டி, முதல் பதிவின் மேலே மூடி, பின்னால் வருவதைப் பதியுங்கள். கோட்டுக்கு வெளியே வெட்டினால் இரண்டுக்கும் நடுவே வெள்ளை இடைவெளி விழும்.

12 அங்குலப் பக்கத்தில் நேரடியாகப் பதிக்கும் துணிச்சல் ஓரங்களோடும் பின்னணியோடும் நிற்கட்டும். தலைப்பு, தேதி, முக்கிய உருவம் எல்லாம் தனிக் கார்டில் பதித்து வெட்டி ஒட்டினால், கெட்டால் ஒரு துண்டுதான் போகும்.

பேட் வெளிறினால் தூக்கிப் போட வேண்டாம். பேடுக்கு மறுபடி மை ஊட்டும் குப்பியான ரீஇங்கரில் அதே நிறத்தை வாங்கிச் சில சொட்டு விட்டு, பழைய பிளாஸ்டிக் கார்டால் பரப்பி, இரவு முழுக்க ஊறவிட்டால் மறுநாள் பதிவு பழையபடி அடர்த்தியாக விழும். அதிகம் ஊற்றினால் மை கோட்டின் இடுக்கில் தேங்கி எழுத்து மொத்தையாகும். அப்போது வீண் தாளில் நாலைந்து முறை பதித்து மிச்ச மையை இறக்கிவிட்டுப் பக்கத்துக்கு வாருங்கள்.