பழைய வண்டிக்கு மைலேஜ்: கிட் போடுவதா, பட்டறைக்கு விடுவதா, காலை அடக்குவதா?

என் மாமனாரிடம் 1998 மாடல் மாருதி 800 இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி. என்னிடம் 2008 வேகன் ஆர், 1061 சிசி, எம்.பி.எஃப்.ஐ., அதாவது கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்து இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் விடும் வகை. இரண்டும் தருமபுரியில் ஒரே தெருவில்தான் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க உட்கார்ந்தால் அவர் தவறாமல் சொல்வார்: "எனக்கு பத்தொன்பது குடுக்குதுங்க மாப்ள." என் வண்டி அப்போது லிட்டருக்கு 11.8 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் மச்சானுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, வண்டியைக் கேஸில் ஓட்டுவது. "பேசாம சி.என்.ஜி. கிட் போட்டுடுங்க மாமா."

போட்டுவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்து, ஐந்து மாதம் ஒவ்வொரு வழியாகப் பார்த்ததில் கிடைத்த கணக்கு இது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று பெட்ரோலை லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்கிறேன். என் ஓட்டம் மாதம் 600 கிலோமீட்டர்.

முதலில் அந்தப் பத்தொன்பது. மாமனார் தருமபுரியில் டேங்கை நிரப்பிக்கொண்டு சேலம் போவார். அங்கே மறுபடி நிரப்புவார். சுமார் 65 கிலோமீட்டருக்கு மூன்றரை லிட்டர் பிடிக்கிறது, ஆக 19. இதில் இரண்டு கோளாறு. ஒன்று, மூன்றரை லிட்டர் ஊற்றும் இடத்தில் பங்க்காரர் அரை லிட்டர் முன்னே பின்னே நிறுத்தினாலே விடை 16 ஆகவும் வரும், 22 ஆகவும் வரும். இரண்டாவதுதான் பெரிய கோளாறு. தொப்பூர் கணவாய் வழியே சேலத்துக்கு இறங்குவது 150 மீட்டருக்கு மேல் பள்ளம். அவர் மைலேஜ் பார்ப்பது எப்போதும் இறங்கும்போது மட்டும்.

ஓசூர் பக்கம் போனால் இதற்கு நேர் எதிர். கிருஷ்ணகிரி தாண்டிச் சூளகிரி வழியாக ஓசூர் போய்ச் சேர்வதற்குள் 300 மீட்டருக்கு மேல் ஏறியிருப்போம். ஆட்களோடு ஒரு டன் எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் கால் லிட்டருக்கு மேல், அரை லிட்டருக்குள் பெட்ரோல் செலவாகும். இப்போது என் வண்டி ஒரே வாரத்தில் ஓசூர் போகும்போது 13 காட்டும், திரும்பும்போது 16 காட்டும். பட்டறையில் வேலை பார்த்துவிட்டு நேரே தொப்பூர் இறங்கிப் பார்த்தால் எந்த மெக்கானிக்கும் கைராசிக்காரராகத்தான் தெரிவார். அதனால் நான் வைத்துக்கொண்ட முறை: ஒரே பங்க், ஒரே நாசில், முதல் தடவை தானாகக் கட் ஆனதும் நிறுத்திவிடுவது, போக வரச் சேர்த்துக் குறைந்தது 300 கிலோமீட்டர். கீழே வரும் எண்கள் எல்லாம் அப்படி எடுத்தவை.

இன்னொன்றையும் முன்பே சொல்லிவிடுகிறேன். இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. கலப்பே இல்லாத பெட்ரோலுக்காகச் செய்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரி செய்யப்பட்ட கார்களில் இதனால் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே சொன்னது. பத்து வருடத்துக்கு முன் 15 கொடுத்த வண்டி இன்று 14 கொடுத்தால் அது நோய் இல்லை. அதற்காகப் பட்டறையில் சண்டை போடாதீர்கள். பழைய ரப்பர் ஹோஸ்களை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டறையா, பாட்டிலா?

பாட்டில் கதை சின்னது. டேங்கில் ஊற்றும் திரவம், பெட்ரோல் பைப்பில் கட்டும் காந்தம், என்ஜினுக்குள் படிந்த கரியை எடுக்கும் "என்ஜின் டீகார்பன்". மூன்றையும் எனக்கு விற்கப் பார்த்தார்கள், மூன்றாவதை வாங்கியும் விட்டேன். காந்தத்துக்குப் பெட்ரோலிடம் ஒரு வேலையும் இல்லை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்துப் பார்த்ததில், பலன் தந்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான், அதுவும் சொற்பம். கூடுதல் விலை கொடுத்து வாங்கும் அதிக ஆக்டேன் பெட்ரோலும் இந்த வண்டிகளுக்கு வீண். ஆக்டேன் என்பது பெட்ரோலில் உள்ள சக்தி இல்லை, அழுத்தத்தில் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் குணம். கம்ப்ரஷன் குறைந்த பழைய என்ஜின் அதைக் கேட்கவே இல்லை.

பட்டறையிலும் எல்லா வேலையும் ஒன்றில்லை. முதலில் ஒரு பெரிய இடத்தில் விட்டேன். பிளக் மாற்றி, ஏர் ஃபில்டர் மாற்றி, இன்ஜெக்டர் கழுவி, டீகார்பனும் செய்து 6,400 ரூபாய் பில் கொடுத்தார்கள். 11.8 இருந்தது 12.0 ஆனது. அதைக்கூடப் பங்க் நாசிலின் தயவு என்றுதான் நினைக்கிறேன்.

ஏர் ஃபில்டரில்தான் என் வண்டிக்கும் மாமனார் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது. கிரானைட் லாரிகள் ஓடும் சாலையில் போய் வந்தால் ஃபில்டர் சாம்பல் பூசினாற்போல ஆகிவிடும். கார்புரேட்டர் வண்டியில் காற்று குறைந்தால் பெட்ரோல் விகிதம் கூடிப்போகும், மைலேஜ் விழும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் உள்ளே வரும் காற்றைச் சென்சார் அளந்து அதற்கேற்ற பெட்ரோலைத்தான் விடும். இழுவை குறையும், மைலேஜ் அவ்வளவாகக் குறையாது. 150 ரூபாய் ஃபில்டர் மாமனாருக்கு லாபம், எனக்குச் சுத்தம், அவ்வளவுதான்.

என் வண்டியின் நோய் எங்கே இருந்தது என்பது காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டு வாங்க நிறுத்தியபோது தெரிந்தது. இறங்கிச் சுற்றி வரும்போது முன்பக்க இடது வீலிலிருந்து அனல் அடித்தது. புறங்கையைக் கிட்டே கொண்டு போனேன். வலது வீல் இளஞ்சூடு. இடது வீலில் கையை வைக்க முடியவில்லை. கடைசி மூன்று கிலோமீட்டரில் பிரேக்கை அழுத்தவே இல்லை. அதாவது இடது வீல் பிரேக் பிடித்தபடியேதான் ஓடிவந்திருக்கிறது. பிரேக் கட்டையை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின் (ஊசி) துருவேறி நின்றுபோயிருந்தது. சின்னப் பட்டறை ஒன்றில் கழற்றித் தேய்த்து கிரீஸ் வைக்க 350 ரூபாய். மைலேஜ் 13.1. 6,400 ரூபாய் பில்லில் இந்த வீலை யாரும் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த மெக்கானிக்தான் இரண்டாவதையும் பிடித்தார். ஹீட் முள்ளைக் காட்டி, "அண்ணா, இது எப்பவுமே கீழதான் நிக்குதா?" என்றார். ஆமாம் என்றேன், நல்லதுதானே என்கிற பெருமையோடு. சிரித்துவிட்டுத் தெர்மோஸ்டாட், அதாவது என்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு, இருக்கும் இடத்தைத் திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ரேடியேட்டர் ஒழுகியபோது வேறொரு இடத்தில் அதைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். வெயில் ஊருக்கு எதற்கு என்ற நினைப்பு நம் பக்கம் நிறையப் பட்டறைகளில் உண்டு. ஆனால் என்ஜின் சூடேறாவிட்டால் கம்ப்யூட்டர் அதை இன்னும் குளிர்ந்த வண்டி என்றே நினைத்துப் பெட்ரோலைத் தாராளமாக விட்டுக்கொண்டே இருக்கும். கார்புரேட்டர் வண்டியில், குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் சோக்கை இழுத்துவிட்டு மறந்துபோனால் என்ன ஆகுமோ, கிட்டத்தட்ட அதுதான். புது தெர்மோஸ்டாட், கேஸ்கட், கூலண்ட், கூலி எல்லாம் 1,900 ரூபாய். 13.9 ஆனது.

டயரில் 24 இருந்த காற்றை, டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றி, வீல் அலைன்மென்டும் பார்த்ததில் 450 ரூபாய். 14.2. காற்றை எல்லாரும் பெரிதாகச் சொல்வார்கள். என் கணக்கில் அது சின்ன லாபம்தான், டயர் தேய்மானத்துக்குத்தான் பெரிய லாபம்.

பலன் தந்த இந்த மூன்று வேலைக்கும் மொத்தம் 2,700 ரூபாய். 11.8-க்கும் 14.2-க்கும் நடுவில் மாதம் எட்டரை லிட்டர், அதாவது 850 ரூபாய். மூன்று மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிட்டது.

கிட்: யாருக்கு?

மச்சான் சொன்ன கிட்டுக்கு வருவோம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகக் கேஸ் விடும் நல்ல சீக்வென்ஷியல் கிட், கேஸ் சிலிண்டர், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 50,000 ரூபாய் என்று வைப்போம். ஒரு கிலோ சி.என்.ஜி. 90 ரூபாய், அதில் 20 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு நாலரை ரூபாய். 14.2 கொடுக்கும் வண்டியில் பெட்ரோல் செலவு கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய். மிச்சம் இரண்டரை ரூபாய். 20,000 கிலோமீட்டர் ஓடினால்தான் கிட் காசு வரும். எனக்கு அது கிட்டத்தட்ட மூன்று வருடம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் (அழுத்தம் தாங்குகிறதா என்று தண்ணீர் ஏற்றிப் பார்க்கும் சோதனை) வேறு எடுக்க வேண்டும். அதாவது போட்ட காசு வரும் நேரத்தில் அடுத்த செலவும் வாசலில் நிற்கும்.

இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. இதே கணக்கைப் பழைய 11.8-ஐ வைத்துப் போட்டிருந்தால் பெட்ரோல் செலவு எட்டரை ரூபாய், மிச்சம் நாலு ரூபாய், 21 மாதத்தில் காசு வந்துவிடும் என்று கிட் அழகாகத் தெரிந்திருக்கும். ஆனால் பிரேக் பிடித்த வீல் கேஸில் ஓடினாலும் பிடித்த வீல்தானே! 20 வருமென்று சொன்ன கேஸ் 16 கொடுத்திருக்கும், நான் கிட் கடைக்காரரைத் திட்டியிருப்பேன்.

பணத்தைத் தாண்டியும் இருக்கிறது. டிக்கி போய்விடும். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியிலிருந்து நாலு கூடை ஏற்றிக்கொண்டு வரும் குடும்பத்துக்கு அது சின்ன இழப்பு இல்லை. சிலிண்டர் எடை எப்போதும் பின்னால் உட்கார்ந்திருக்கும். கேஸில் சூளகிரி ஏற்றத்தில் இழுவை குறைவது நன்றாகவே தெரியும். உங்கள் மாடலுக்கு அங்கீகாரம் உள்ள கிட்டாகப் பார்த்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யில் ஏற்றி, இன்சூரன்ஸிலும் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் விபத்தின்போது கிளெய்ம் நிற்கும். வீட்டு சிலிண்டரை வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் அவரோடு பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். அது சட்டவிரோதம் மட்டுமில்லை, உயிருக்கு ஆபத்து.

ஆனால் மச்சானுக்கு? அவர் மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார், வழியில் கேஸ் பங்க் இருக்கிறது. பத்து மாதத்தில் காசு வந்துவிடும். அவர் போட்டார், சரியாகத்தான் செய்தார்.

வண்டியையே மாற்றிவிடலாமே என்பவர்களுக்கு ஒரு வரி. 20 கொடுக்கும் புது வண்டி வாங்கினால் எனக்கு மாதம் 1,200 ரூபாய் பெட்ரோல் மிச்சம். அதற்குக் கட்ட வேண்டிய இ.எம்.ஐ. என்னவென்று நீங்களே போட்டுப் பாருங்கள். பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கக் காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. கடுப்புதான், ஆனால் அது ஒரு மாத இ.எம்.ஐ.கூட இல்லை.

கால்

காசே கேட்காத வழி இது. அதனாலேயே யாருக்கும் பிடிக்காதது.

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 48 கிலோமீட்டர் என்று வைத்தால், 90-இல் போனால் 32 நிமிடம், 70-இல் போனால் 41 நிமிடம். ஒன்பது நிமிடத்துக்காக நாம் என்ன கொடுக்கிறோம்? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கப்படி கூடும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்கு. 70-க்கும் 90-க்கும் நடுவே அது ஒன்றரை மடங்குக்கு மேல். வேகன் ஆர் வேறு பீரோவை நிமிர்த்தி வைத்தாற்போன்ற வண்டி. 70-இல் பிடித்து ஓட்டிய மாதம் 15.8 கிடைத்தது. மேலும் 430 ரூபாய் மிச்சம், ஒரு ஸ்பேனரையும் தொடாமல். ஆனால் நாலுவழிச் சாலையில் 70-இல் போவதற்குப் பொறுமை வேண்டும். பின்னால் வரும் ஆம்னி பஸ் ஹாரன் அடித்தே நம்மை ஓரம் கட்டும். எனக்கே மூன்று நாளைக்கு ஒரு நாள் கால் கேட்பதில்லை.

நியூட்ரல் விஷயத்தில் மட்டும் பொறுமையாகப் பேச எனக்கு வராது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கியரில் வைத்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் வந்தால், என்ஜினை வீல்களே சுற்றும். இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்க அது பெட்ரோல் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆக, நியூட்ரலில் செலவு அதிகம்! கார்புரேட்டர் வண்டியில் கொஞ்சம் மிச்சமாவது உண்மைதான். ஆனால் தொப்பூர் இறக்கம் முழுக்கச் சேர்த்தாலும் பத்து ரூபாய் தேறாது. அதற்கு ஈடாக என்ஜின் பிடிப்பு போய், மொத்த எடையையும் பிரேக் தாங்கும். சூடேறிய பிரேக் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று தொப்பூர் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாவியையே அணைத்துவிட்டு இறங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டொரு முறை மிதித்ததும், மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டரும் வேலை செய்யாமல் போகும்.

மாமனார் வண்டிக்கு என்ன செய்தோம் என்றால், ஃபில்டர் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, முழுதாகத் திரும்பாமல் நின்ற சோக் கேபிளைச் சரி பார்த்தோம். எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய். போக வர 300 கிலோமீட்டர் அளந்ததில் 14.5 இருந்தது 16.3 ஆனது. அவருக்கு அதில் சந்தோஷமே இல்லை. "பத்தொன்பது குடுத்த வண்டிங்க மாப்ள, கை வெச்சுக் கெடுத்துட்டாங்க" என்றார். தொப்பூரில் இப்போது மூன்றாவது கியரில்தான் இறங்குகிறார், அதுவரை சரி. சேலம் போய் டேங்க் நிரப்பி, அங்கிருந்தே போன் பண்ணி மைலேஜ் சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. போன வாரம் இருபதாம்.