சூடான உலோகத்தில் துகள் தெறிப்பும் அரிமானமும்: சூத்திரமா, சோதனை வளைவா?

அனல் மின் நிலையத்தில் கொதிகலன் குழாய்களின் உட்சுவரிலிருந்து உரியும் ஆக்சைடுச் செதில்கள் நீராவியோடு பறந்து வந்து டர்பைனின் முதற்கட்ட அலகுகளை (பிளேடுகளை) தேய்க்கின்றன. விமான எஞ்சினுக்குள் புகும் மணலும் இதே வேலையைத்தான் செய்கிறது. துகள் மோதி உலோகம் பறிபோகும் இந்த இழப்பை, அதாவது அரிமானத்தை, முன்கூட்டிக் கணிக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஃபின்னி, பிட்டர் என்ற ஆய்வாளர்கள் வகுத்த இயக்கவியல் சூத்திரங்கள். மற்றொன்று, சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் டபாகாஃப் குழுவினர் சூடான காற்றுச் சுரங்கத்தில் (காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் குழாயில்) துகள்களை மோதவிட்டு வரைந்த சோதனை வளைவுகள்.

1960இல் வெளியான ஃபின்னியின் சூத்திரம் துகளை ஒரு சிறு வெட்டுளியாகக் கருதுகிறது. நீளும் தன்மையுள்ள உலோகங்கள் மேற்பரப்பிலிருந்து அளந்த 15 முதல் 30 பாகை வரையிலான சாய்மோதலிலேயே அதிகம் தேய்கின்றன என்பதை அது அழகாக விளக்கிவிடுகிறது. ஆனால் 90 பாகையில் இழப்பு சுழியம் என்கிறது. உண்மையில் அங்கேயும் உலோகம் போகிறது. 1963இல் பிட்டர், மீண்டும் மீண்டும் நசுங்குவதால் ஏற்படும் இழப்பைத் தனி உறுப்பாகச் சேர்த்து இந்த ஓட்டையை அடைத்தார். வேகத்தைப் பொறுத்தவரை குறை இன்னும் இருக்கிறது. வேகம் இரட்டித்தால் ஃபின்னியின் கணக்கில் இழப்பு 4 மடங்காகும். அது வேகத்தின் அடுக்கை 2 என்று கொள்வதே காரணம். சோதனைகளில் அடிக்கடி தென்படும் 2.5 என்ற அடுக்கை எடுத்தால் ஏறத்தாழ 5.7 மடங்காகும்.

இவற்றைவிடப் பெரிய குறை, இந்தச் சூத்திரங்கள் மோதிய துகள் அடுத்து எங்கே போகும் என்பதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதுதான். அலகுகளுக்கிடையிலான குறுகிய வழியில் ஒரு பரப்பில் பட்டுத் தெறித்த துகள் எதிர்ப்பரப்பையும் தாக்குவதால், தெறிப்பைத் தவறாகக் கணித்தால் தேய்மான வரைபடமே இடம் மாறிவிடும். டபாகாஃப் குழுவினர் மோதலுக்கு முன்னும் பின்னும் உள்ள வேகங்களின் விகிதத்தைச் செங்குத்துத் திசைக்கும் தொடுதிசைக்கும் தனித்தனியே அளந்து, மோதுகோணத்தின் பல்லுறுப்புக் கோவைகளாகத் தந்தனர். துகள்கள் ஒழுங்கற்ற வடிவின என்பதால் ஒரே கோணத்தில் மோதினாலும் விளைவு சிதறும். அந்தச் சிதறலையும் அவர்கள் பதிவு செய்தனர். என் பார்வையில் வளைவுகளின் பெரும்பலம் இதுதான்.

வெப்பம் ஏறும்போது போட்டி சிக்கலாகிறது. உலோகம் மென்மையானால் மோதலாற்றலின் பெரும்பகுதி பள்ளம் பறிப்பதிலேயே செலவாகி, துகள் மெதுவாகத் தெறிக்கும். ஆகவே இரண்டாம் மோதல் சற்றே தணியக்கூடும். சூத்திரத்தில் அந்த வெப்பநிலையில் உலோகத்துக்குள்ள வலிமையைப் போட்டு இந்தப் போக்கை ஊகிக்கலாம்தான். ஆனால் கடினத்தன்மையை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்: வெப்பப் பதனம் செய்து கெட்டிப்படுத்திய எஃகு, பதப்படுத்தாத எஃகைவிட அரிமானத்தை அதிகம் தாங்குவதில்லை என்பது அறை வெப்பநிலையிலேயே தெரிந்த செய்தி. வளைவுக்கும் எல்லை உண்டு. அளந்த உலோகம், துகள், வெப்பநிலை ஆகியவற்றுக்கு வெளியே அதை நீட்டுவது ஆபத்து.

ஆகவே தொடக்க வடிவமைப்பில் பொருள்களை ஒப்பிடப் பிட்டரின் சூத்திரமும், அலகு வழியில் துகளின் பாதையைத் தொடர அளந்த வளைவும் எனப் பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. எதை எடுத்தாலும், துகள் பறிக்கும் பள்ளத்தின் ஆழத்தையும், சூட்டில் உலோகத்தின் மேல் உருவாகும் ஆக்சைடுப் படலத்தின் தடிமனையும் முதலில் ஒப்பிட வேண்டும். பள்ளம் படலத்தைத் தாண்டி இறங்கினால் உலோகத்தின் கணக்கு செல்லும். படலத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் அங்கே உடைவது நொறுங்கும் ஆக்சைடு, அதன் உச்ச இழப்பு 90 பாகையை நோக்கி நகரும், வெறும் உலோகத்தில் எடுத்த எந்த வளைவும் அதற்குப் பொருந்தாது.