முன்வேலிக்குச் செம்பருத்தியா, இட்லிப்பூவா? தோட்டப்புற நகர்களுக்கான ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேரா மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகர்களில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீடுகளை விட்டுத் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிவந்த குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் நடுவது முன்வேலிச் செடியைத்தான். 20 அடி அகலமுள்ள வரிசை வீட்டில், கால்வாய்க்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவே எஞ்சும் ஒடுக்கமான மண்ணுக்குச் செம்பருத்தி, இட்லிப்பூ, காகிதப்பூ ஆகிய மூன்றும் போட்டியிடுகின்றன. மலாய்க்காரர்கள் செண்டுடுக் என்றழைக்கும் காட்டுச்செடியை நான்காவதாக நான் சேர்க்கிறேன். நர்சரிக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். பூவின் நிறத்தைப் பார்த்தே பலரும் செடி வாங்குகிறார்கள். ஆனால், வேலி தழைப்பதும் பட்டுப்போவதும் வீடு கட்டியவர்கள் அந்த மண்ணில் எதைப் புதைத்துவிட்டுப் போனார்கள் என்பதையும், மழை எப்போது ஓய்கிறது என்பதையும் பொறுத்தே இருக்கின்றன.

விரைவாக மறைப்பு வேண்டுமென்றால் செம்பருத்திக்கு இணை இல்லை. பென்சில் கனமுள்ள முற்றிய கிளையை வெட்டி ஈரமண்ணில் ஊன்றினால் வேர்பிடித்துவிடும் என்பதால், பக்கத்து வீட்டாரிடம் கேட்டு வாங்கினாலே போதும், காசு செலவில்லை. 1960இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட இச்செடி இந்நாட்டுக் காடுகளில் தானாக முளைத்ததன்று. எப்போதோ வெளியிலிருந்து வந்து வேரூன்றியது. ஒவ்வொரு பூவும் ஏறக்குறைய ஒரே நாள்தான் நிற்கும். ஆயினும் நல்ல வெயிலில் நாள்தோறும் புதிதாகப் பூப்பதால், காலையில் அம்மனுக்கும் பிள்ளையாருக்கும் பறித்துச் சாத்துவோருக்கு அது குறையாகத் தெரிவதில்லை. குறை பூச்சியில் இருக்கிறது. மொட்டுக்குக் கீழே காம்பைத் திருப்பிப் பார்த்தால், பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோல மாவுப்பூச்சி அடைந்திருப்பதையும், அது கசியவிடும் இனிப்புநீருக்காக எறும்புகள் வரிசையாக ஏறி இறங்குவதையும் காணலாம். எறும்புகள் அப்பூச்சியை அதன் எதிரிகளிடமிருந்து காப்பதால், எறும்பை விட்டுவிட்டுப் பூச்சிக்கு மட்டும் மருந்தடிப்பது வீண்வேலை. ஆடு வளர்ப்பவர்கள் உள்ள தெருவில் செம்பருத்தி நடுவதைப் பற்றி இருமுறை யோசிப்பது நல்லது. வேலியும் ஆட்டுக்குத் தழைதான்.

இட்லிப்பூ, அதாவது வெட்சி, இதற்கு நேர்மாறான குணமுடையது. மெதுவாக வளரும், ஆனால் நெருக்கமாகக் கிளைத்து, வெட்டிய வடிவத்தைப் பல ஆண்டுகள் காத்து நிற்கும். தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட இனமும், மலாய்த் தீபகற்பத்திலும் இயல்பாக வளரும் ஜாவா வெட்சியும் இங்கே நன்றாக வருகின்றன. பூங்கொத்தின் மெல்லிய குழல்களில் தேன் இருப்பதால் தேன்சிட்டுகளும் வண்ணத்துப்பூச்சிகளும் நாடி வருகின்றன. அந்தத் தேனை உறிஞ்சிப் பார்க்காத தோட்டப்புறப் பிள்ளைகளும் குறைவு.

ஆனால், தாமான் வீடுகளில் இட்லிப்பூ ஏன் மஞ்சளடிக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். நம் செம்மண் இயல்பாகவே புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை உள்ளது. இட்லிப்பூவுக்கு வேண்டியதும் அதுவே. வீடு கட்டும்போது மதிலோரம் கொட்டப்பட்ட சிமெண்டும் சாந்துக் கட்டிகளும் சுண்ணாம்பைக் கசியவிட்டு அந்தப் புளிப்பை முறித்துவிடுகின்றன. மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. அதனால் இளந்தளிர் வெளிறிப்போக, நரம்புகள் மட்டும் பச்சையாகக் கோடிட்டு நிற்கும். இதைப் பார்த்துவிட்டுக் கூடுதல் உரம் போடுகிறவர்கள் உண்டு. செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையிலிருந்து எளிதில் கிடைக்கிறதே என்று சாம்பலைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்களும் உண்டு. அச்சாம்பலில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) நிறைந்திருந்தாலும் காரத்தன்மை மிகுதி என்பதால், அது நோயை இன்னும் முற்றச் செய்யும். இடிபாடுகளைத் தோண்டி எடுத்து, ஒரு முழ ஆழத்துக்காவது நல்ல மண்ணும் மக்கிய இலையும் நிரப்பிவிட்டு நடுவதே சரியான வழி. ஆலையில் கிடைக்கும் வெறுங்குலையை, அதாவது பழம் நீக்கிய செம்பனைக் குலையை, மூடாக்காகப் பரப்பினால் ஈரமும் நிற்கும். இன்னொன்று, பூக்கள் கிளை நுனியில் வருவதால், இயந்திரம் கொண்டு அடிக்கடி பெட்டிபோல் சமப்படுத்தினால் மொட்டுகளையே வெட்டி எறிகிறோம் என்று பொருள். சாலையோர இட்லிப்பூ வேலிகள் பூவின்றிப் பச்சைச் சுவராக நிற்பதற்கு இதுவே காரணம். ஒரு பூப்பு முடிந்தபின் கவாத்து செய்தால் போதும்.

காகிதப்பூவைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இக்கொடியில் நாம் பூவென்று பார்ப்பது, சிறிய வெண்பூக்களைச் சூழ்ந்த மூன்று வண்ண இலைகளையே. மண் காய்ந்தால்தான் அது நிறம் காட்டும். ஆகவே பேரா மாநிலத்தில் மழை சற்று ஓயும் ஜனவரி, பிப்ரவரியில் பூத்துக் குலுங்குவது, ஏப்ரல் மழைக்குப் பின் முள்ளும் பச்சைக் கொடியுமாக ஓடத் தொடங்கிவிடும். கூரை நிழல் படாமல், கூரையிலிருந்து மழைநீர் வழிந்து விழாத இடத்தில் தொட்டியில் வைத்தால் அழகு. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்க வேண்டாம். ஏடிஸ் கொசு முட்டையிட அவ்வளவு நீரே போதும்.

இனி செண்டுடுக். செம்பனைத் தோட்டங்களில் மருந்தடித்து ஒழிக்கப்படும் களை இது. அமெரிக்க மத்திய அரசின் தீங்குக் களைப் பட்டியலிலும் இருக்கிறது. அங்கே அது வந்தேறி, இங்கே இம்மண்ணின் செடி. அலுமினியம் மிகுந்த, மற்றச் செடிகள் திணறுகிற புளிப்பு மண்ணில் அது செழிக்கும். இலையில் நீளவாட்டில் மூன்று நரம்புகள் தெளிவாகத் தெரியும்; ஐந்து இதழுள்ள ஊதாப் பூவின் நடுவே மஞ்சள் நிறத்திலும் ஊதா நிறத்திலும் இருவகை மகரந்தத்தாள்கள் இருக்கும். கடகடவென அதிர்ந்து மகரந்தத்தை உதிர்க்கும் கருவண்டுகளை அப்பூவில் காணலாம். வாயைக் கருநீலமாக்கும் அதன் பழத்துக்குக் கொண்டைக்குருவிகள் வந்துவிடும். ஆனால் ஒழுங்கான வேலியாக அது நிற்காது. பராமரிக்காவிட்டால் அடியில் மொட்டையாகி நுனியில் மட்டும் தழைக்கும், குருவிகள் விதையை அண்டை வீட்டுக்கும் கொண்டுபோகும்.

என் தேர்வு இதுதான்: மதிலோர மண்ணை மாற்றப் பொறுமை உள்ளவர் முன்வேலிக்கு இட்லிப்பூவையே நடலாம். மண்ணை மாற்ற முடியாதவருக்கும், அடுத்த தீபாவளிக்குள் மறைப்பு வேண்டுமென்பவருக்கும் செம்பருத்தி. வீட்டின் பின்புறம், கால்வாய்ச் சரிவில் எதுவும் பிடிக்காத செம்மண் திட்டு இருந்தால், அங்கே செண்டுடுக்கை விட்டுவைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை பாராங் கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் போதும்.