கன்ஸ்ட்ரக்டர் சங்கிலி: ஜாவாவின் முதல் வரியா, சி ஷார்ப்பின் முக்காற்புள்ளியா?

வங்கிக் கணக்குக்கு ஒரு கிளாஸ் எழுதுகிறோம் என்று வையுங்கள். பெயரை மட்டும் வாங்கும் கன்ஸ்ட்ரக்டர் (புது ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கோடு) ஒன்று. பெயரோடு இருப்புத் தொகையும் வாங்குவது இன்னொன்று. ஒரே கோடை இரண்டு இடத்தில் எழுதுவானேன்? சின்னது பெரியதிடம் வேலையைத் தள்ளிவிட்டால் போதும். இதுதான் கன்ஸ்ட்ரக்டர் சங்கிலி.

ஜாவாவில் இதை நெளிவு அடைப்புக்குறிக்குள், "திஸ்(பெயர், 0)" என்று எழுதுவோம்; திஸ் என்றால் இதே கிளாஸின் இன்னொரு கன்ஸ்ட்ரக்டர். சி ஷார்ப்பில் அதே திஸ், முக்காற்புள்ளி போட்டு, நெளிவு அடைப்புக்குறி திறப்பதற்கு முன்பே வந்துவிடும். புதிதாகப் பார்ப்பவருக்கு இது விநோதமாக இருக்கும். ஆனால் என் ஓட்டு இதற்குத்தான். அழைக்கப்படும் கன்ஸ்ட்ரக்டர் முழுதாக ஓடி முடிந்த பிறகுதான் நம் வரிகள் ஓடும் என்பது எழுதிய இடத்திலேயே தெரிகிறது. ஜாவாவின் திஸ், சாதாரண மெத்தட் அழைப்பு போல வேஷம் போடுகிறது. ஜாவா 25-க்கு முன்பு, அதை நம்பி மேலே ஓர் இஃப் போட்டால் கம்பைலர் திட்டியது.

2025-இல் வந்த ஜாவா 25 இதைத் தளர்த்திவிட்டது. திஸ், சூப்பர் (பேரன்ட் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரை அழைப்பது) இரண்டுக்கும் முன்னால் தொகை எதிர்மறையா என்று சோதிக்கலாம். பாதி கட்டிய ஆப்ஜெக்ட்டின் மெத்தடை அழைக்கக் கூடாது. சி ஷார்ப்பில் அந்தச் சோதனையை ஆர்கியுமென்ட்டுக்குள்ளேயே திணிக்க வேண்டும், பெரும்பாலும் ஒரு ஸ்டாடிக் மெத்தடாக (ஆப்ஜெக்ட் இல்லாமலே அழைக்கக்கூடியது). இந்த ஓர் இடத்தில் ஜாவா முந்துகிறது.

பேரன்ட் கிளாஸை அழைக்க ஜாவாவில் சூப்பர், சி ஷார்ப்பில் பேஸ். பெயரை விட வரிசைதான் ஆளைக் கவிழ்க்கும். பேரன்ட்டை நீட்டித்து எழுதும் சைல்ட் கிளாஸின் ஃபீல்டுக்கு (ஆப்ஜெக்ட்டின் மாறிக்கு) அறிவிக்கும்போதே கொடுத்த மதிப்பு, சி ஷார்ப்பில் பேரன்ட் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்பே ஏறிவிடும். ஜாவாவில் அதற்குப் பிறகுதான். சைல்ட் ஓவர்ரைடு செய்த (தன் வகையில் மாற்றி எழுதிய) மெத்தடை பேரன்ட் கன்ஸ்ட்ரக்டர் அழைத்தால், சி ஷார்ப்பில் அந்த மதிப்பு இருக்கும். ஜாவாவில் பொதுவாக null என்ற வெற்று மதிப்போ பூஜ்ஜியமோதான் கிடைக்கும்.

சி பிளஸ் பிளஸ்ஸில் 2011 வரை, ஒரு கன்ஸ்ட்ரக்டர் அதே கிளாஸின் இன்னொன்றிடம் வேலையைத் தள்ளும் வசதியே கிடையாது. கன்ஸ்ட்ரக்டரின் உடலுக்குள் கிளாஸ் பெயரைப் போட்டு அழைத்தால், பெயரில்லாத வேறொரு ஆப்ஜெக்ட் பிறந்து அந்த வரியிலேயே செத்துப்போகும். கம்பைலர் வாயே திறக்காது.

சங்கிலியே எதற்கு, சி ஷார்ப் 4 கொடுத்த ஆப்ஷனல் பாராமீட்டர் (அழைப்பவர் தராவிட்டால் டிஃபால்ட் மதிப்பை எடுத்துக்கொள்வது) போதாதா என்பார்கள். சொந்த புராஜெக்ட்டுக்குப் போதும். லைப்ரரிக்கு வேண்டாம்: அந்த டிஃபால்ட் மதிப்பு அழைப்பவரின் கோடில் பதிந்துவிடுகிறது. நீங்கள் அதை மாற்றி வெளியிட்டாலும், அவர் மறுபடி கம்பைல் செய்யும்வரை பழைய மதிப்பே ஓடும்.