செத்துக் கிடக்கும் சீன பைக்: எந்த இன்ஜினை நம்பிக் காசு போடலாம்?

டேங்கில் ஒட்டியிருக்கும் பெயரை வைத்து சீன பைக்கை எடைபோடாதீர்கள். ஒரே வண்டி நாட்டுக்கு ஒரு பெயரில் விற்கும். பழையதை மலிவாக வாங்கி ஓட வைக்க நினைத்தால், குனிந்து கிராங்க்கேஸை, அதாவது இன்ஜினின் அடி உறையைப் பாருங்கள். அங்கே பொறித்திருக்கும் குறியீடுதான் வண்டியின் ஜாதகம். 157எஃப்எம்ஐ என்றால் ஒற்றை சிலிண்டர், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) சுமார் 57 மி.மீ., காற்றில் குளிர்வது, 125 சிசி. 162எஃப்எம்ஜே என்றால் 62 மி.மீ. போர், 150 சிசி.

ஆனால் ஒரே குறியீட்டில் இரண்டு வகை இன்ஜின் வரும். ஒன்று ஹோண்டா சிஜி125-ஐப் பார்த்துச் செய்தது. இன்னொன்று சிபி125 வழி. தெரியாமல் கேஸ்கட் செட் வாங்கினால் பொருந்தாது. இன்ஜின் தலையில் உள்ள டாப்பெட் மூடியைக் கழற்றுங்கள். ராக்கருக்கு (வால்வை அழுத்தும் கை) அடியில் புஷ்ராடின் (அந்தக் கையைத் தள்ளும் கம்பி) முனை தெரிந்தால் அது சிஜி.

என் ஓட்டு சிஜிக்குத்தான். 1970-களில் ஹோண்டாவின் மேல்-கேம் இன்ஜின்கள் (வால்வைத் திறக்கும் கேம் தண்டு தலையிலேயே இருப்பவை) வளரும் நாடுகளில் ஆயில் மாற்றாமலே ஓட்டப்பட்டுத் தேய்ந்து வந்தன. அந்த ஓட்டுநர்களை மனதில் வைத்து வரைந்ததுதான் சிஜி. கேம் கீழே இருக்கிறது, கியரில் சுற்றுகிறது, ஒரே லோப் (கேமின் புடைப்பு) இரண்டு வால்வையும் தூக்குகிறது. கேமைச் சுற்றும் டைமிங் செயின் இல்லை, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இல்லை. முன்பு யார் எப்படி ஓட்டினார்களோ தெரியாத வண்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? பாகிஸ்தானில் அட்லஸ் ஹோண்டா இதே வடிவத்தைப் பல பத்தாண்டுகளாகத் தயாரித்து வருகிறது.

டாப்பெட் வைப்பதும், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி வைப்பதும் சுலபம். ஃப்ளைவீலை மெல்லத் திருப்பி ‘டி’ கோட்டை நேராக்குங்கள். இரண்டு ராக்கரும் விரலுக்குச் சற்றே ஆடினால் பிஸ்டன் கம்ப்ரஷன் முனையில் (இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில்) நிற்கிறது. ஒன்று இறுகியிருந்தால் இன்னொரு முழுச்சுற்று. ஹோண்டா சொன்ன இடைவெளி 0.08 மி.மீ., இன்ஜின் ஆறியிருக்கும்போது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசான பிடிப்போடு வழுக்கி வரவேண்டும். கிக்கரில் அழுத்தமே இல்லாத இன்ஜின்கூட, வால்வு மூடாமல் நின்றிருந்தால், இதோடு எழுந்துவிடும்.

சிபி வகை அதிக வேகத்தில் மென்மையாக ஓடும், மறுக்கவில்லை. ஆனால் மேலே இருக்கும் கேமுக்கு ஆயில் ஒழுங்காக ஏறியாக வேண்டும். ஹெட்டில் கரகரவென்று சத்தம் கேட்டால் செயினா, டென்ஷனரா, கேமா என்று பிரித்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். ஸ்கூட்டரில் வரும் ஜிஒய்6 வகை இன்ஜினுக்கு உதிரிபாகம் தாராளம். பெல்ட் வாங்கும்போது மட்டும் கவனம்: அதன் 50 சிசி வடிவமான 139க்யூஎம்பி இன்ஜினுக்கே 669, 729 மி.மீ. என இரண்டு நீளம் உண்டு.

அடுத்து கார்புரேட்டர்: கழுவுவதா, புதிது போடுவதா? சோக் இழுத்தால் மட்டும் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் பைலட் ஜெட் (மெல்ல ஓடும்போது பெட்ரோல் விடும் குழல்) அடைத்திருக்கிறது. நின்றுபோன பெட்ரோல் பிசினாகி அந்த மயிரிழைத் துளையை மூடிவிடும். ஒருமுறை கழற்றி, கிளீனர் அடித்து, வெளிச்சத்தில் துளை தெரிகிறதா என்று பாருங்கள். ஸ்லைடு (ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் துண்டு) தேய்ந்தோ உடல் அரித்தோ இருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிஇசட்27 கார்புரேட்டர் புதிதாகவே மலிவு.

பிளக்கில் பொறி வரவில்லையா? சிடிஐ (பொறியைக் கிளப்பும் மின்னணுப் பெட்டி) வாங்குமுன் ஏசியா டிசியா என்று உறுதிசெய்யுங்கள். டிசி வகைக்கு பேட்டரி உயிரோடு இருக்க வேண்டும். ஏசி வகை, இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயிலிலிருந்தே மின்சாரம் எடுக்கும். பேட்டரி செத்த டிசி வண்டிக்குப் புது சிடிஐ மாட்டி என்ன பயன்?

பிஸ்டன், ரிங், போர் தேய்ந்திருந்தால் சிஜிக்கு சிலிண்டர் கிட் போடுவேன். கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) அடியில் தட்டும் சத்தம் வந்தால் கிராங்க்கேஸைப் பிளக்க மாட்டேன். முழு இன்ஜினாகவே மாற்றுவேன். அதில் மிச்சமாகும் கூலி முன் பிரேக்குக்கும் டயருக்கும் போகட்டும்.