தகவல் பாதுகாப்புப் பாடத்தைத் தொடங்க சீட் லேப்ஸ்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

பொறியியல் கல்லூரியில் தகவல் பாதுகாப்புப் பாடம் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் பக்கம் இந்தப் பாடம் பெரும்பாலும் சீசர், பிளேஃபேர், ஹில் என்று பழைய மறையீட்டு முறைகளில்தான் தொடங்கும். அப்புறம் டிஇஎஸ் என்ற மறையீட்டு முறையின் 16 சுற்றுகள், அதன்பின் பெரிய பகா எண்களை வைத்து மறையாக்கும் ஆர்எஸ்ஏ. பாதி செமஸ்டர் போவதற்குள் இது இன்னொரு கணக்குப் பேப்பர் என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். ஆர்எஸ்ஏ கணக்கைக் கொடுத்தால் சரியாகப் போடுவார்கள். போனில் இருக்கும் டார்ச்லைட் ஆப் எதற்காகத் தொடர்பு எண்களைக் கேட்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள்.

இந்த வரிசையை மாற்றத்தான் சீட் லேப்ஸ் என்ற செய்முறைப் பயிற்சித் தொகுப்பை எடுத்தேன். அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வென்லியாங் தூ 2002இல் தொடங்கிய திட்டம் இது. அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி கொடுத்தது. எல்லாம் இலவசம். வர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) ஓடும் உபுண்டு 20.04 லினக்ஸ் இமேஜ் ஒன்றும், பல பயிற்சிகளுக்கு டாக்கர் கன்டெய்னர்களும் (தனித்தனிப் பெட்டிபோல் ஓடும் சிறு சூழல்கள்), ஒவ்வொரு பயிற்சிக்கும் படிப்படியான பிடிஎஃப் குறிப்பும் கிடைக்கும்.

பலரும் பஃபர் ஓவர்ஃப்ளோவில்தான் (ஒதுக்கிய நினைவக இடத்துக்கு மேல் தரவை எழுதி நிரலைக் கைப்பற்றுவது) ஆரம்பிக்கிறார்கள். என் அனுபவத்தில் அது சரிப்படாது. ஸ்டாக் ஃபிரேம், அதாவது ஒரு ஃபங்ஷன் ஓடும்போது நினைவகத்தில் அதற்கு ஒதுக்கும் இடம், தெரியாதவர்கள் முதல் வாரமே கைவிட்டுவிடுவார்கள். கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங் (அடுத்தவர் உலாவியில் நம் குறியீட்டை ஓடவைப்பது) பயிற்சியை முதலில் கொடுங்கள். எல்க் என்ற திறமூல சமூக வலைத்தளத்தில், வேண்டுமென்றே சில தடுப்புகளை எடுத்துவிட்டு வைத்திருக்கிறார்கள். ஆலிஸ், பாபி, சார்லி, சாமி என்று பயனர்கள் இருப்பார்கள். சாமியின் சுயவிவரத்தில் நாலு வரி ஜாவாஸ்கிரிப்டை எழுதி வைத்துவிட்டு, ஆலிஸாக உள்ளே போய் அந்தப் பக்கத்தைத் திறந்தால், அவள் எதையும் அழுத்தாமலே சாமி அவளுக்கு நண்பனாகிவிடுவான். கடைசிப் படியில் அந்தக் குறியீடு ஒரு சுயவிவரத்திலிருந்து அடுத்ததற்குத் தானே தொற்றிக்கொள்ள வேண்டும். இது நடந்த கதை என்று சொல்லும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும்: 2005 அக்டோபரில் சாமி கம்கார் மைஸ்பேஸில் விட்ட புழு, ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குப் பரவியது.

பஃபர் ஓவர்ஃப்ளோவை அதற்குப் பிறகு கொடுத்தால் நன்றாக எடுபடுகிறது. அதன் அழகு, தடுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுத் தாக்கச் சொல்வதில் இருக்கிறது. நினைவக முகவரிகளை ஒவ்வொரு முறையும் மாற்றிவைக்கும் முகவரி மாற்றலை நிறுத்து, ஸ்டாக் மேலெழுதப்பட்டதைக் கண்டுபிடிக்கும் ஸ்டாக் காவலை நீக்கு, ஸ்டாக்கில் குறியீடு ஓட அனுமதி கொடு. தாக்குதல் பலித்ததும் எல்லாவற்றையும் மறுபடி ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எது எதைத் தடுக்கிறது என்று அப்போதுதான் மண்டையில் ஏறும். 32 பிட் லினக்ஸில் ஸ்டாக் முகவரிக்கு 19 பிட் அளவே மாற்றம் உண்டு, அதாவது 5,24,288 வாய்ப்புகள். சும்மா லூப் போட்டு ஓடவிட்டே அதை உடைத்துவிடலாம். டீ குடிக்கப் போய் வருவதற்குள் ரூட் ஷெல் (கணினியின் முழு அதிகாரம்) கிடைத்துவிட்டது என்று மாணவர்கள் காட்டும்போது, 64 பிட் ஏன் தேவை என்று தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

இனி தொல்லைகள். பழைய லேப் கணினிகளில் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) விர்ச்சுவலைசேஷன் அணைந்தே கிடக்கும். பயாஸின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. இதை செமஸ்டருக்கு முன்பே முடித்துவிடுங்கள். 4 ஜிபி ரேம் கணினி என்றால் நினைத்தே பார்க்காதீர்கள். வகுப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் டாக்கர் இமேஜை இறக்கினால் நெட் படுத்துவிடும். ஒரு கணினியில் இறக்கி, டாக்கர் சேவ் கொடுத்து, பென் டிரைவில் கொண்டுபோய் மற்றவற்றில் ஏற்றிக்கொள்வது உத்தமம். உபுண்டு 20.04க்கான வழக்கமான ஆதரவு 2025இல் முடிந்துவிட்டது. மூடிய பயிற்சிச் சூழல்தானே, எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

விடைகள் கிட்ஹப்பில் கொட்டிக் கிடக்கின்றன. ரெக்கார்டு நோட்டைப் பார்த்து மதிப்பெண் போட்டால் ஏமாந்துபோவோம். பஃபர் ஓவர்ஃப்ளோ பயிற்சியில் பஃபரின் அளவை ஆசிரியரே மாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். அதை ரோல் நம்பரோடு இணைத்துவிட்டு, வைவாவில் ஒரு எண்ணை மாற்றி ஓட்டச் சொன்னால் போதும்.

என்னுடைய பெரிய குறை அந்தரங்கம் பற்றியது. நம் பாடத்தில் அதுவும் அடக்கம், ஆனால் சீட் லேப்ஸில் அதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதை நானே சேர்க்கிறேன். பெயர் எழுதாமல் பிறந்த தேதி, பாலினம், ஊர்ப் பின்கோடு மூன்றையும் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குவேன். எத்தனை சீட்டு வேறெதனுடனும் ஒத்துப்போகவில்லை என்று எண்ணிச் சொல்லிவிட்டு, அவர்கள் கண்முன்னே கிழித்துப் போட்டுவிடுவேன். அறுபது பேர் வகுப்பில் பின்கோடு கூட அனேகமாகத் தேவைப்படாது. பிறகு லதான்யா ஸ்வீனி கதை: அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரை இந்த மூன்று விவரங்களே தனித்துக் காட்டிவிடக்கூடும் என்று கணக்கிட்டவர். மாசசூசெட்ஸ் ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவை, பெயர் நீக்கிய தரவிலிருந்து 20 டாலர் வாக்காளர் பட்டியலை வைத்தே கண்டுபிடித்தவரும் அவர்தான். இதற்குப் பிறகு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017 புட்டசாமி தீர்ப்பையும் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பேசினால் மாணவர்களிடமிருந்து கேள்வி வருகிறது. முன்பு தூக்கம்தான் வரும்.

தாக்குதல் கற்றுக்கொடுப்பதால் முதல் வகுப்பிலேயே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளைச் சொல்லிவிடுங்கள். அனுமதியின்றி அடுத்தவர் கணினியில், கெட்ட நோக்கத்தோடு கைவைத்தால் மூன்று வருடம் வரை சிறை. கல்லூரி இணையதளத்தில் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் (உள்ளீட்டில் தரவுத்தளக் கட்டளையைப் புகுத்தும் தாக்குதல்) போட்டுப் பார்க்கலாமா சார் என்று எல்லா வருடமும் ஒருவராவது கேட்பார்.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கவே வேண்டாம், இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். இரண்டு மணி நேர லேப் வகுப்பில் ஒரு பயிற்சி முழுதாக முடியாது. ஸ்கிரிப்டிங், எஸ்கியூஎல், பஃபர், பாக்கெட் ஸ்னிஃபிங் (நெட்வொர்க்கில் போகும் தரவை ஒட்டுப்பார்ப்பது) என்ற நான்கே ஒரு செமஸ்டருக்குத் தாராளம். லினக்ஸ் கெர்னலில் இருந்த ஓட்டையான டர்ட்டி கௌ பற்றிய பயிற்சிக்குப் பழைய 12.04 இமேஜைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். அதை ஆர்வமுள்ள இரண்டு மூன்று பேருக்கு மட்டும் கொடுங்கள்.